லோயருக்கு எதிராக ஒரு பெட்டிசம்

நீதிமன்ற வாசலுக்கு எதிர்ப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, தட்டச்சு, லமினேற்றிங், முத்திரை, பெரிய கடித உறை எல்லாம் கிடைக்கும். வன்னியில் நீதிமன்றம் உள்ள பட்டினங்கள் சிலவே என்பதால் ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக் காலையே ஒரு கறுப்புக் கோட்டு வந்து நின்று, "என்னக்கா, என்னைப் பற்றியா?" என்று கேட்கும். அவர்கள் எடுக்கிற கொப்பிக் காசில்தான் என் கடை வாடகை போகிறது.

வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் அடையாள அட்டைக் கொப்பி, சத்தியக் கடதாசி, பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் என்ற அளவில்தான் இருக்கும். இடைக்கிடை யாராவது வந்து, கடையில் நிற்கிற மற்றவர்கள் போகும் வரை வாங்கில் இருந்துவிட்டு மெதுவாகச் சொல்வார்கள்: "பிள்ளை, எங்கட லோயருக்கு எதிரா ஒரு பெட்டிசம் அடிக்க வேணும்." யாருடைய பெயருக்கு அடிப்பது என்று கேட்டால், "இவையின்ர சங்கத்துக்குத்தான். வேற ஆருக்கு?" என்பார்கள்.

அந்தச் சங்கம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது நீதிமன்றத்துக்கு வந்து போகிற சனத்துக்குத் தெரியவில்லை. இளம் லோயர்மார் சிலருக்கும் தெரியாது போலத்தான் இருக்கிறது, அது வேறு கதை.

அதிகாரம் இருக்கிற இடம் எங்கள் ஊரே இல்லை. சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை, ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பயிற்சி, அப்புறம் கொழும்பு புதுக்கடையில், நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம். இப்படித்தான் ஒருவர் சட்டத்தரணி ஆகிறார். பெயரை ஏற்றிய அதே நீதிமன்றத்துக்குத்தான் அந்தப் பெயரை வெட்டவும் அதிகாரம். 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தில் அது இருக்கிறது: வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றச் செயல் நிரூபிக்கப்பட்டால் தொழில் செய்யாமல் இடைநிறுத்தலாம், ஒரேயடியாக நீக்கவும் செய்யலாம். சட்டத்தரணிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளையும் உயர் நீதிமன்றமே 1988 இல் ஆக்கியது. அவற்றில் 60 ஆம், 61 ஆம் விதிகள் பரந்தவை. நல்ல பெயருள்ள மற்றச் சட்டத்தரணிகள் பார்த்து இழிவென்று நினைக்கும்படி நடக்கக்கூடாது, தொழிலுக்குத் தகாதபடி நடக்கக்கூடாது என்பது சாரம். என்னிடம் தட்டச்சுக்கு வந்த பெட்டிசங்களில் முக்கால்வாசி அந்த இரண்டு விதிகளுக்குள் அடங்கும்.

இலங்கை சட்டத்தரணிகள் சங்கம் 1974 இல் உருவானது. அதுவரை அப்புக்காத்து, புரக்டர் என்று இரண்டாக இருந்த தொழில் அப்போதுதான் ஒன்றாகியது. முறைப்பாட்டைச் சத்தியக் கடதாசியோடு கொழும்பில் உள்ள அந்தத் தலைமைச் சங்கத்துக்கும் அனுப்பலாம், நேரே பிரதம நீதியரசருக்கும் அனுப்பலாம். சங்கம் விசாரித்துப் பார்த்து, விசயம் இருக்கிறது என்று கண்டால் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும். சங்கமும் தானாக ஒருவரை நீக்கிவிட முடியாது.

எங்கள் ஊரில் இருப்பது அதன் கிளை. தலைவர், செயலாளர், பொருளாளர் இருக்கிறார்கள். நீதிமன்ற வளாகத்தில் ஓர் அறை, நீள மேசை, பூச்சி அரித்த சட்ட அறிக்கைப் புத்தகங்கள், கோட்டுத் தொங்கவிட ஆணிகள். எந்த லோயரையும் பார்த்து "நாளையிலிருந்து வராதே" என்று சொல்ல அந்த அறைக்கு அதிகாரம் இல்லை. ஒரு ரூபா தண்டம் போடவும் முடியாது.

இதை ஒரு அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஏன் பிள்ளை அவைக்கு ஒரு சங்கம்?" என்றார்.

அவருடைய கதையைச் சொன்னால்தான் பதில் வரும். ஒரு குடியேற்றத் திட்டத்தில் இருந்து வருகிறவர். 2009 க்குப் பிறகு முகாமில் இருந்து திரும்பி வந்தபோது அவருடைய காணியில் ஒரு துண்டைப் பக்கத்துக் காணிக்காரர் வேலி போட்டு அடைத்திருந்தார். வழக்கு வைக்க ஒரு லோயரிடம் போனார். கையில் மிஞ்சியிருந்த மூலப் பத்திரங்களை அவரிடமே கொடுத்தார். அப்புறம் ஒவ்வொரு தவணைக்கும் காசு. உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டால், "அடுத்த தவணை போட்டிருக்கு அம்மா." வழக்கு இலக்கம்கூட அவருக்குத் தெரியாது. லோயர் களவெடுத்தார் என்று அவர் சொல்லவில்லை. ஒருநாளும் ஒன்றையும் விளக்கிச் சொல்லவில்லை, பத்திரத்தைத் திருப்பிக் கேட்டால் தரவில்லை, அவ்வளவுதான் முறைப்பாடு.

ஊர்ச் சங்கத்துக்கே அடிப்போம் என்றேன். ஒரு பக்கக் கடிதம். அதை அப்போது தலைவராக இருந்த மூத்த லோயர் ஐயாவின் கையில் அம்மா கொடுத்தார். விசாரணை, குறிப்பேடு, கடிதத்துக்குப் பதில் என்று ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் தேநீர் நேரத்தில் அந்த லோயரைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த மனுசியின்ர பேப்பரைக் குடுத்துவிடும்" என்று சொன்னாராம். அடுத்த தவணைக்கு முதல் முழுப் பைலும் அம்மாவின் கையில் வந்துவிட்டது. என் கடையில்தான் அதைப் பிரித்துக் கொப்பி எடுத்தோம்.

இதுதான் கிளைச் சங்கத்தின் உண்மையான பலம் என்று நினைக்கிறேன். ஒரு லோயர் ஒரே நாளில் இரண்டு நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவந்தால், ஒன்றில் அவருக்காக எழுந்து தவணை கேட்பது அந்த மேசையில் பக்கத்தில் இருக்கிற ஆள்தான். வழக்கொன்றைச் சமரசமாக முடிக்கப் பேச வேண்டியதும் அதே ஆட்களோடுதான். அந்த மேசையில் முகம் சுளித்தால் தொழில் செய்வது கஷ்டம். எந்தச் சட்டத்திலும் எழுதாத கட்டுப்பாடு இது. கொழும்புக் கடிதத்தைவிட வேகமாக வேலை செய்கிறது.

ஆனால் வெட்கம் வேலை செய்ய வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே ஊராக இருக்க வேண்டும். காலையில் யாழ்ப்பாணத்தில் இருந்து காரில் வந்து, மத்தியானம் திரும்பிப் போகிற லோயருக்கு எங்கள் ஊர் மேசையில் யார் முகம் சுளித்தால் என்ன? அவருடைய சங்கமும் கூட்டாளிகளும் வேறு இடத்தில். அப்படி வருகிறவர்களில் அருமையானவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்கள் வராவிட்டால் பாதி வழக்குக்கு ஆளே இருக்காது. ஆனாலும் ஒரு முறைப்பாடு வந்தால் ஊர்ச் சங்கம், "அவர் எங்கட மெம்பர் இல்லை" என்று கையை விரிக்கும்.

காசு பெரிதாக இருந்தாலும் தேநீர் மேசை வைத்தியம் பலிக்காது. விபத்தில் கால் போன ஒரு பெடியனுக்கு நட்டஈடு வந்தது. வந்த தொகைக்கும் கையில் கிடைத்ததற்கும் நிறைய வித்தியாசம். சங்கத்தில் "கதைச்சுப் பாக்கிறம்" என்றார்கள். பிறகு "கொழும்புக்கு எழுதும்" என்றார்கள். எழுதினோம். சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன் கையெழுத்து வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் ஆங்கிலத்தில் வந்தது. அதையும் நானே வாசித்துச் சொன்னேன். விசாரணைக்குக் கொழும்பு போக வேண்டும். இரவு பஸ், ஊன்றுகோல், கூட ஓர் ஆள், சாப்பாடு. போன இடத்தில் மற்றப் பக்கம் தவணை கேட்டது. கொஞ்ச நாளில் பெடியன் என்னிடம் வந்து, "அக்கா, அவர் கொஞ்சக் காசு தாறன் எண்டுறார், நான் விடுறன்" என்றான். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

கொழும்பில் இருக்கிற ஒழுங்கு முறை காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஒருவருடைய தொழிலையே பறிக்கிற விசயத்தை ஊர்த் தேநீர் அறையில் தீர்க்கக்கூடாது, உயரமான இடத்தில் ஆறுதலாகத்தான் தீர்க்க வேண்டும், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முறைப்பாட்டுக்காரர் துணுக்காயில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ புதுக்கடைக்குப் போய் நிற்க வேண்டும் என்றால், கேள்வி கேட்கப்படுகிறவரைவிட முறைப்பாட்டுக்காரர்தான் முதலில் களைப்பார். முதல் கட்டத்தையாவது, இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுதி அனுப்புகிற வேலையையாவது, கிளைச் சங்கத்தின் மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் இங்கேயே செய்யலாம். பக்கத்து மாவட்டக் கிளையில் இருந்து ஒருவரைச் சேர்த்தால் கூட்டாளித்தனமும் கொஞ்சம் குறையும்.

இன்னொரு கோபம் எனக்கு உண்டு, அது லோயரை மாற்றுவது பற்றியது. சிவில் வழக்கில் நீங்கள் ஒரு லோயருக்குப் புரொக்சி (உங்களுக்காகத் தோன்ற எழுத்தில் கொடுக்கிற அதிகாரம்) கொடுத்தால், நீதிமன்றத்தின் அனுமதியோடு அதை நீக்கும் வரை அவர்தான் உங்கள் லோயர். இது சட்டம், சரி. இதற்கு மேல் ஒரு வழக்கம் இருக்கிறது. புது லோயரிடம் போனால், "பழையவர் ஓம் எண்டு சொன்னால்தான் எடுப்பன்" என்பார். ஒருவர் கட்சிக்காரரை ஒருவர் தட்டிப் பறிக்காமல் இருப்பதற்கும், பழையவருடைய கூலி நிலுவையில் நிற்காமல் இருப்பதற்கும் வந்த நாகரிகம் இது. கொழும்பில் நூற்றுக்கணக்கான லோயர்மார் இருக்கிற இடத்தில் பரவாயில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே அறையில் கோட்டுத் தொங்கவிடுகிறார்கள். "ஓம்" சொல்ல மறுக்கிற ஒரு லோயரிடம் மாட்டிக்கொண்ட ஆள் எங்கே போவது? சங்கம் ஒரு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போதும்: கேட்டு இத்தனை நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் சம்மதமாகக் கொள்ளலாம் என்று. இதற்குச் சட்டம் மாற வேண்டியதில்லை.

காணி உறுதி எழுதுகிற விசயத்தில் சனம் அனேகமாகப் பிழையான கதவைத் தட்டுகிறது. லோயர்தான் நொத்தாரிசு. ஒரே ஆள், ஒரே மேசை, ஒரே சீல் பெட்டி. ஆனால் நொத்தாரிசு வேலையைப் பார்க்கிறவர் பதிவாளர் நாயகம். அதற்குத் தனிச் சட்டம், 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. "உறுதி முடிச்சு எத்தனையோ மாதம், கந்தோரில போய்க் கேட்டால் வரேல்லை எண்டுறாங்கள்" என்று வருகிறவர்களை நான் பதிவாளர் பக்கம்தான் திருப்பி விடுகிறேன். ஊர்ச் சங்கத்துக்கு எழுதி மினக்கெட வேண்டாம்.

வன்னியில் இன்னொரு தலையிடி பெர்மிட் காணி. இங்கே பெரும்பாலான வயலும் குடியிருப்பும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணிகள். பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ கைமாற்றவோ முடியாது. ஆனாலும் "விற்பனை ஒப்பந்தம்" என்று தலைப்புப் போட்டு, சாட்சி வைத்து, காசும் கைமாறி, வாங்கியவர் கிணறும் வெட்டி மலசலகூடமும் கட்டிய பிறகு அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து என் முன்னால் விரிப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்கே வயிறு எரியும். எழுதிய லோயருக்கு அது செல்லாது என்று தெரியாமல் இருக்காது. "அவையள்தான் கேட்டவை, எழுதிக் குடுத்தன்" என்பார். சங்கம் ஒழுக்கம் பேச விரும்பினால் இங்கே தொடங்கலாம். பெர்மிட் காணிக்கு விற்பனைக் கடதாசி எழுதுவதில்லை என்று கிளை உறுப்பினர்கள் தங்களுக்குள் முடிவெடுத்தாலே எத்தனையோ குடும்பம் தப்பும்.

இந்தச் சங்கங்கள் ஒன்றுக்கும் உதவாதவை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 2012 ஜூலையில் மன்னார் நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்தபோது நாடு முழுக்க லோயர்மார் வேலையை நிறுத்தினார்கள். 2019 செப்ரெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலடியில், முல்லைத்தீவு நீதிமன்றத்தின் கட்டளையையும் மீறிப் பிக்குவின் உடலை எரித்து, கட்டளையோடு போன லோயருக்கும் அடித்தபோது வடக்கு நீதிமன்றங்களில் ஒருவரும் தோன்றவில்லை. 2023 இல் குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கைப் பார்த்த முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா, உயிர் அச்சுறுத்தல் என்று எழுதி வைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போனபோதும் அப்படித்தான். அந்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு நானும் வாசலில் நின்றேன். 2009 மே மாதம் சரணடைந்தவர்களைக் கேட்டு வவுனியாவில் போட்ட ஆட்கொணர்வு மனுக்கள் வருசக்கணக்கில் இழுபட்டபோது கைவிடாமல் நின்றவர்களும் இதே கறுப்புக் கோட்டுக்காரர்தான்.

ஒரு நாளுக்குள் வன்னியின் நாலு மாவட்டத்திலும் ஒருவர்கூடத் தோன்றாமல் பண்ணுகிற ஒற்றுமை அவர்களிடம் இருக்கிறது. அதனால்தான், "ஒரு மெம்பரைக் கூப்பிட்டுப் பற்றுச்சீட்டுக் குடு எண்டு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று அவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பகிஸ்கரிப்புச் செய்யவும் எந்தச் சட்டமும் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லையே. முடிவெடுத்தார்கள், செய்தார்கள். (பகிஸ்கரிப்பு என்று தெரியாமல் முதல் பஸ்சில் வந்து, அடுத்த தவணையைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போகிற சனத்துக்கு முதல் நாளே வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினால் புண்ணியமாகப் போகும்.)

ஓட்டோத் தரிப்பிடமும் இருக்கிறது. நீதிமன்றம் தேடி முதல் தடவை வருகிறவரை, "வாங்கோ, நல்ல லோயர் ஒராள் இருக்கிறார்" என்று கூட்டிக்கொண்டு போகிற தம்பிமார். ஆள் பிடித்து வழக்கு எடுப்பது விதிப்படி கூடாது. யார் யாருக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்பது எனக்கே தெரியும் என்றால் சங்கத்துக்குத் தெரியாதா? இதில் மேலே ஒன்றும் எழுதவில்லை. அந்தத் தம்பிமாரும் எனக்கு வாடிக்கைதான்.

இப்போது யாராவது பெட்டிசத்துக்கு வந்தால் நான் முதலில் கேட்பது வழக்கு இலக்கம். தெரியாவிட்டால் பதிவறைக்கு அனுப்புவேன். அடுத்தது எப்போது, யார் முன்னால், எவ்வளவு காசு கொடுத்தீர்கள் என்பது. பற்றுச்சீட்டு ஒருவரிடமும் இருக்காது. ஆனால் நகை அடைவு வைத்த துண்டு இருக்கும், வங்கிப் புத்தகத்தில் எடுத்த திகதி இருக்கும். அதையெல்லாம் சேர்த்துத் திகதி வரிசையாக எழுதுவேன். "அவன் ஒரு கள்ளன்" போன்ற வசனங்களை வெட்டிவிடுவேன், அழுதாலும் போடமாட்டேன். பத்திரம் திரும்ப வேண்டும், தகவல் வேண்டும் என்றால் முதலில் ஊர்ச் சங்கத் தலைவருக்கு. காசை மறைத்தது, கையெழுத்தைப் பொய்யாகப் போட்டது போன்றவை என்றால் ஊரில் மினக்கெடாமல் சத்தியக் கடதாசியோடு நேரே கொழும்புக்கு. பொய்க் கையெழுத்து என்றால் பொலிசிலும் ஒரு முறைப்பாடு. உறுதி விசயம் பதிவாளர் நாயகத்துக்கு. வேறு லோயருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கந்தோர் இருக்கிறது, போய் வருமானத்தைச் சொல்லிக் கேளுங்கள் என்பேன்.

போன மாதம் கொப்பி எடுக்க வந்த சங்கச் செயலாளரிடம் மெதுவாக இதைப் பேசினேன். கிழமையில் ஒருநாள் ஒரு மணி நேரம், அந்த நீள மேசையில் ஒரு மூத்த லோயர் இருந்து சனத்தின் குறையைக் கேட்டால் என்ன? காசு வாங்கினால் துண்டு கொடுப்பது என்று எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தால் என்ன? செயலாளர் நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே கேட்டார். "துண்டு விசயம் கஷ்டம் அக்கா, வரிக்காரர் வந்து நிப்பாங்கள் எண்டு பயப்படுவினம். மற்றதை எழுதித் தாங்கோ, கூட்டத்தில வைக்கிறன்" என்றார்.

எழுதி, அடித்து, இரண்டு கொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த கூட்டம் புதிய நிர்வாகத்தைத் தெரிவு செய்கிற கூட்டமாம். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஆளுக்கொரு கொப்பி கொடுக்கலாம் என்று இன்னும் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.